நான்கு டியூப்களில் ஒரு முகம்: ஆயில் பெயின்டில் உருவப்படம் தீட்டத் தொடங்குவோருக்கு

ஆயில் பெயின்டில் முகம் தீட்டக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் டியூப்களில் நான்கை மட்டும் வெளியே வையுங்கள். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. மற்றவற்றை இப்போதைக்கு அலமாரியில் போட்டுவிடலாம். நீலம் இல்லாமலா, பச்சை இல்லாமலா என்று கேட்பார்கள். ஆமாம், இரண்டும் இல்லாமல்தான். நெற்றியில் விழும் வெளிச்சம் முதல் தாடைக்கு அடியில் இருக்கும் நிழல்வரை ஒரு மனித முகத்துக்கு வேண்டியது அத்தனையும் இந்த நான்கிலிருந்து வரும். எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம்.

இது இன்றைய யோசனை இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, பழைய கிரேக்க ஓவியர்களில் சிலர் நான்கே நிறங்களை வைத்துப் பெரும் படைப்புகளைத் தீட்டியதாக எழுதியிருக்கிறார். மாமன்னர் அலெக்சாண்டரின் உருவத்தைத் தீட்டிய அப்பெல்லீஸ் அவர்களில் ஒருவர். அவர்களுடைய நிறங்களும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்புதான். அப்பெல்லீஸின் படம் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஆகவே அதை வைத்து எதையும் சோதித்துப் பார்க்க வழியில்லை.

நாம் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன். 1860-இல் மோரா என்ற ஊரில் பிறந்தவர். 1920-இல் அங்கேயே இறந்தார். முதலில் வாட்டர்கலரில் பெயரெடுத்து, 1880-களின் கடைசியில்தான் ஆயில் பெயின்டுக்கு வந்தார். முன்பு அமெரிக்க அதிபராக இருந்த குரோவர் கிளீவ்லாண்டை 1899-இல் தீட்டும் அளவுக்கு உருவப்பட ஓவியராகப் புகழ் பெற்றார். 1896-இல் அவர் தீட்டிய தன்னுருவப்படம் ஒன்றில் கையில் பேலட்டோடு, அதாவது நிறம் கலக்கும் பலகையோடு, இருக்கிறார். அந்தப் பேலட்டில் நமக்குத் தெரிவது இந்த நான்கு நிறங்களே. அதனால்தான் உலகம் முழுக்க ஓவியம் கற்றுக்கொடுப்பவர்கள் இதை ‘ஸோர்ன் பேலட்’ என்கிறார்கள். அவர் எல்லாப் படங்களையும் இந்த நான்கில்தான் தீட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். தேவைப்பட்ட இடத்தில் நீலமும் பச்சையும் எடுத்திருக்கிறார். தோலுக்கு மட்டும் பெரும்பாலும் இந்தச் சிறிய குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை.

நான்கு ஏன் போதும்

ஒரு நிறத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. சிவப்பா, மஞ்சளா, நீலமா என்பது ஒன்று. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது இன்னொன்று. ஓவியர்கள் இதை ‘வேல்யூ’ என்பார்கள். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு மங்கியிருக்கிறது என்பது மூன்றாவது.

முகத்தைப் பார்த்தவுடன் யார் என்று அடையாளம் தெரிவது முதல் குணத்தால் இல்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அப்பாவை நமக்கு அடையாளம் தெரிகிறது அல்லவா? கன்ன எலும்பு, மூக்கின் சரிவு, கண்குழியின் ஆழம் எல்லாவற்றையும் காட்டுவது வெளிச்சமும் இருட்டும்தான். வேல்யூ சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் தவறினாலும் முகம் முகமாகவே இருக்கும். வேல்யூ தவறிவிட்டால் எத்தனை அழகான தோல்நிறம் கலந்தாலும் அந்த முகம் தட்டையாகிவிடும். இருபது டியூப் வைத்திருப்பவரின் கவனம் முழுக்க எந்த நிறத்தை எடுப்பது என்பதிலேயே போய்விடும். நான்கு மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி சுருங்கி, எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். குறைந்த நிறங்களோடு தொடங்கச் சொல்வதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம். டியூப் வாங்கும் செலவு குறைவதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது காரணம் தோலிலேயே இருக்கிறது. மனிதத் தோலின் நிறத்தை முடிவு செய்பவை முக்கியமாக இரண்டு பொருள்கள்: பழுப்பு நிற மெலனின், இரத்தத்தில் இருக்கும் சிவப்பு நிற ஹீமோகுளோபின். மிக வெளுத்த தோலோ மிகக் கறுத்த தோலோ, எல்லாமே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கும் பகுதியில்தான் அடங்குகின்றன. அவை அவ்வளவு பளிச்சென்ற நிறங்களும் இல்லை. ஒரு சிவப்பும் மங்கிய ஒரு மஞ்சளும் அந்தப் பகுதியின் இரண்டு எல்லைகளைப் பிடித்துக்கொள்கின்றன. கறுப்பும் வெள்ளையும் மேலும் கீழும் இழுக்கின்றன. அவ்வளவுதான்.

நீலம் எங்கே போயிற்று? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் ஒரு சாம்பல் நிறம் வரும். அதைத் தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல்தான். அதையே ஆரஞ்சுச் சாயல் உள்ள தோல்நிறத்தின் நடுவில் ஒரு பிரஷ் அளவு வையுங்கள், நீலமாகத் தெரியும். நம் கண் எந்த நிறத்தையும் தனியாக அளப்பதில்லை. பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது.

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் இதைச் சாயத் தொழிலில் கண்டார். பாரிஸில் இருக்கும் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டியிருக்கின்றன. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். நான்கு நிறப் பேலட் முழுக்க நிற்பது இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான். மணிக்கட்டில் தெரியும் நரம்பு நீலமாகத் தோன்றுவதிலும் பெரும்பங்கு இதே காரணத்துக்கு உண்டு. சுற்றியுள்ள தோலின் சிவப்பு குறைந்த இடம் அது. கண் அதை நீலமாக வாசிக்கிறது.

டியூப்களைப் பற்றிக் கொஞ்சம்

வெள்ளை: ஸோர்ன் காலத்தில் இது ஈய வெள்ளை. தோலுக்கு அருமையான பெயின்ட், ஆனால் நச்சு. இப்போது தொடங்குகிறவர்கள் டைட்டானியம் ஒயிட் வாங்கினால் போதும். இதற்கு மூடும் ஆற்றல் மிக அதிகம். சிறிதளவு சேர்த்தாலே கலவை வெளுத்து, குளிர்ந்து (நீலப் பக்கம் சாய்ந்து), சுண்ணாம்புத்தனம் வந்துவிடும். ஒரு நிறத்தை வெளிச்சமாக்க வேண்டும் என்றதும் வெள்ளையை மட்டும் எடுக்காமல் காவியையும் சேர்த்தே எடுக்கப் பழகுங்கள்.

மஞ்சள் காவி, அதாவது யெல்லோ ஓக்கர்: இரும்பு கலந்த மண். குகை ஓவியங்கள் காலம் முதல் மனிதர்கள் கையில் இருக்கிறது. ஒளிபட்டு மங்காது. இதைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை.

சிவப்பு: பழைய ஓவியர்கள் எடுத்தது வெர்மிலியன். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள் அது. சில சமயம் ஒளிபட்டுக் கறுத்தும் போகும். இன்று அதன் இடத்தில் காட்மியம் ரெட் லைட் இருக்கிறது. ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பாகப் பார்த்து வாங்குங்கள். டீப் என்று போட்டிருப்பது இதற்குச் சரிவராது. டியூபின் பின்பக்கம் நிறமியின் குறியீடு இருக்கும். உண்மையான காட்மியம் சிவப்புக்கு அது பிஆர் 108. பெயரோடு ‘ஹ்யூ’ என்ற சொல் சேர்ந்திருந்தால் வேறு நிறமி வைத்து அந்த நிறத்தைப் போலச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். பழகுவதற்கு அதுவும் போதும். ஆனால் கலவையில் அதன் வலு மாறுபடும். காட்மியம் ரெட் வலுவான பெயின்ட். தோல் கலவையில் அது ஒரு துளி, காவி ஒரு கட்டி என்ற அளவில்தான் போகும்.

கறுப்பு: ஐவரி பிளாக். ஒரு காலத்தில் தந்தத்தைக் கரித்துச் செய்தார்கள். இப்போது எலும்பைக் கரித்துச் செய்கிறார்கள். வெள்ளையோடு சேரும்போது நீலச்சாயல் தருவது இதன் சிறப்பு. மார்ஸ் பிளாக் இதைவிட வலுவானது. ஆனால் அதன் சாயல் பழுப்புப் பக்கம் போகும். நீலத்தின் வேலையைக் கறுப்பு செய்ய வேண்டிய இந்தப் பேலட்டில் அதை வைத்தால் பாதி நன்மை போய்விடும். ஐவரி பிளாக்கின் குறை, அது மெதுவாகக் காயும். அடி அடுக்கில் அதைக் கனமாகப் போட வேண்டாம்.

முகத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நிறம் கலக்க மட்டுமே ஒதுக்குங்கள். கெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய ஒரு அட்டையில் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பையும் காவியையும் வெவ்வேறு அளவில் கலந்து ஒரு வரிசை. அது ஆரஞ்சுகளின் வரிசை. காவியையும் கறுப்பையும் கலந்து அடுத்த வரிசை. இதில் பச்சை வரும். வெளிறிய ஆலிவ் பச்சை முதல் கரும்பாசிப் பச்சை வரை. பச்சை டியூப் இல்லையே என்று தேடியவர்கள் இந்த வரிசையில் நின்று யோசிப்பார்கள். சிவப்பையும் கறுப்பையும் கலந்து மூன்றாவது வரிசை. கருஞ்சிவப்பும் அடர்பழுப்புமாக வரும்; அதில் வெள்ளை சேர்த்தால் மங்கிய ஊதா எட்டிப்பார்க்கும். பிறகு இந்த ஒவ்வொன்றோடும் வெள்ளையைப் படிப்படியாகச் சேர்த்துக் கீழ்நோக்கி இறங்குங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் வரும் பழுப்புகளுக்கும் சில கட்டங்கள் விடுங்கள்; தலைமுடிக்கும் கருவிழிக்கும் அவைதான் வேண்டும். முடித்த அட்டையைச் சுவரில் மாட்டுங்கள். பிற்பாடு நீங்கள் தேடும் முக நிறம் எங்கோ ஒரு கட்டத்தில் இருக்கும்.

முதல் படம்

மாதிரியாக உட்கார ஒருவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகமே போதும். புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டலாம். ஆனால் கேமரா நிழல்களைக் கறுப்பாக்கிவிடும், அங்கே ஒளிந்திருக்கும் நிறங்கள் கிடைக்காது. விளக்கோ ஜன்னலோ ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது முகத்துக்குக் கொஞ்சம் மேலாகவும் பக்கவாட்டிலும் இருந்தால் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் விழும். நாலு பக்கமும் விளக்கு எரியும் அறையில் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்காதீர்கள். வெள்ளையின் பக்கத்தில் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் வெளுப்பாகக் கலந்துவிடுவீர்கள். ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தை டர்பன்டைனில் மெல்லியதாகக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். நடுத்தரப் பழுப்பில் ஒரு தளம் கிடைக்கும். இது ஐந்தாவது டியூப் ஆயிற்றே என்றால், ஆமாம். தளத்துக்கு மட்டும் அதை அனுமதிக்கலாம். அம்பரில் இருக்கும் மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும் என்பதால் அடியில் போட அதைவிடப் பொருத்தமானது குறைவு. பேலட்டும் அதே நடுத்தர நிறத்தில் இருந்தால் கலக்கும் நிறத்தைச் சரியாகக் கணிக்கலாம்.

அப்புறம் வரைதல். தலை கிட்டத்தட்ட முட்டை வடிவம். கண்கள் அதன் உயரத்தில் சரிபாதியில் இருக்கின்றன. தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லாரும் கண்களை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் நாம் முகத்தைப் பார்க்கும்போது நெற்றிக்கும் உச்சிக்கும் கவனம் கொடுப்பதில்லை. முடி தொடங்கும் கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை, இந்த மூன்று தூரங்களும் ஏறக்குறைய சமம். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண்ணின் அகலம். இவை சராசரி அளவுகள்தான். எதிரில் இருப்பவரின் முகம் இந்தச் சராசரியிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கேதான் அவருடைய சாயல் இருக்கிறது. ஆகவே இந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மனதில் வையுங்கள். எல்லா முகத்தையும் அதற்குள் அடைக்க வேண்டாம்.

கண்ணிமை, உதடு என்று தனித்தனியாக வரையாமல், நிழல் விழுந்த பகுதிகள் அனைத்தையும் சேர்த்து ஒரே வடிவமாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். இதற்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இமைகளைப் பாதி மூடினால் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு தொகுதியாகவும் நிழல் ஒரு தொகுதியாகவும் பிரிந்து தெரியும். கண்குழி, மூக்கின் பக்கம், மேலுதடு, தாடைக்குக் கீழ், கழுத்து என்று பல இடங்கள் சேர்ந்து ஒரே நிழலாகப் போவது அப்போதுதான் புரியும். அந்த வடிவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், இன்னும் ஒரு கண்கூட வரையாத நிலையிலேயே ஆளின் ஜாடை வந்துவிடும். இந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் செலவானாலும் தகும். பெயின்ட் போட்ட பிறகு மூக்கை நகர்த்துவது பெரிய வேலை.

இப்போது பேலட்டில் ஐந்து குவியல்கள் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு இரண்டு, வெளிச்சத்துக்கு மூன்று. இதில் ஒரு விதி உண்டு: நிழலில் இருக்கும் மிக வெளிச்சமான இடமும், வெளிச்சத்தில் இருக்கும் மிக இருட்டான இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் சட்டையிலிருந்து எதிரொளி பட்டு நிழல் பளபளப்பதாகத் தோன்றும். அதை நம்பி வெளுப்பாகப் போட்டால் தாடையின் உருட்சி உடைந்துவிடும். மறுபடியும் கண்ணைச் சுருக்குங்கள், அந்த எதிரொளி நிழலுக்குள்ளேயே அடங்கிப்போகும்.

முதலில் நிழல் தொகுதியை மெல்லிய பெயின்டில் நிரப்புங்கள். சிவப்பு, காவி, கறுப்பு மூன்றும் கலந்த பழுப்பு. வெள்ளை அநேகமாக வேண்டாம். நிழலில் வெள்ளை கலந்தால் அதன் ஆழம் போய்விடும். பிறகு வெளிச்சத்தின் நடு நிறம். அதற்குப் பிறகு இரண்டும் சந்திக்கும் இடம். அந்த இடத்தில்தான் உருவப்படத்தின் உயிர் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தோல் திரும்பும் அந்தக் குறுகிய பகுதியில் நிறம் சற்றே குளிரும். பச்சையோ சாம்பலோ கலந்ததுபோல் இருக்கும். காவியும் கறுப்பும் சேர்ந்த பச்சையில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து அங்கே வையுங்கள். பக்கத்தில் இருக்கும் சிவந்த கன்னம் உடனே இன்னும் சிவந்து, இரத்த ஓட்டம் உள்ள தோலாக மாறும். சிவப்பைக் கூட்டாமலேயே இது நடக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களுக்கு நிறக் கோட்பாடு விளக்க வேண்டியதில்லை.

பொதுவாக ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் குளிர்ந்தது. அப்போது நிழல்கள் வெதுவெதுப்பாக, பழுப்பும் சிவப்புமாகத் தெரியும். மஞ்சள் விளக்கின் கீழே இது தலைகீழாகும். கேன்வாஸில் இந்த வித்தியாசத்தைத் தொடர்ந்து காப்பாற்றினால் படத்துக்குள் ஒரே வெளிச்சம் இருப்பதாக உணர்வு வரும்.

முகம் முழுக்க ஒரே தோல்நிறம் இல்லை என்பதையும் கவனியுங்கள். நெற்றியில் எலும்புக்கு மேல் தோல் மெல்லியதாக இழுபட்டிருக்கும். அங்கே மஞ்சள் கூடும். கன்னம், மூக்கின் நுனி, காது ஆகியவற்றில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதிகம். அங்கே சிவப்பு கூடும். ஆண்களின் மேலுதட்டுக்கு மேலும் தாடையிலும், மழித்திருந்தாலும், தோலுக்குள் இருக்கும் முடியால் சாம்பல் கூடும். காவி, சிவப்பு, கறுப்பு என்று மூன்று பட்டைகளாக முகம் தன்னைப் பிரித்துக்கொள்வதைப் பார்க்கும்போது, இந்தப் பேலட்டை முகத்துக்காகவே செய்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

வெளுத்த தோலுக்கு வெள்ளையில் தொடங்கி அதில் காவியும் ஒரு துளிச் சிவப்பும் சேர்ப்பது வழக்கம். பல பாடங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. பழுப்பு, கறுத்த தோலுக்கு அந்தக் கலவையிலேயே கறுப்பைச் சேர்த்து இருட்டாக்கினால் உயிரற்ற பச்சை வரும், ஏனென்றால் காவியும் கறுப்பும் சேர்ந்தால் பச்சைதான். அங்கே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். காவியையும் சிவப்பையும் முதலில் கலந்து செறிவான ஆரஞ்சுப் பழுப்பு ஒன்றை உண்டாக்குங்கள். கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். பச்சை எட்டிப்பார்த்தால் சிவப்பு. வெள்ளை கடைசியில், மிகக் குறைவாக. அதிகமானால் தோல் சாம்பல் பூத்துவிடும்.

கறுத்த தோலின் அழகு இன்னொன்றில் இருக்கிறது. நெற்றியிலும் மூக்கின் மேலும் கன்ன எலும்பிலும் தெரியும் மினுமினுப்பு, தோலுக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே திரும்பும் ஒளி. அதனால் அது தோலின் நிறத்தை எடுத்துக்கொள்ளாது, விளக்கின் நிறத்தையே காட்டும். ஆழ்ந்த நிறத்தின் மேல் அது இன்னும் தெளிவாகத் தெரியும். வானத்து வெளிச்சம் என்றால் அந்த மினுமினுப்பு நீலச்சாயலோடு இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த நம் சாம்பலை அங்கே தயங்காமல் வையுங்கள். பழுப்பின் நடுவில் அது வானநீலமாகவே ஒளிரும். நான்கு நிறப் பேலட் தன் முழுத் திறமையைக் காட்டுவது வெளிறிய முகங்களைவிட இப்படிப்பட்ட முகங்களில்தான் என்பது என் துணிபு.

கண்களைப் பற்றி ஒன்று மட்டும். விழிவெண்மை வெள்ளை இல்லை. அது ஒரு உருண்டை. மேல் இமையின் நிழல் அதன் மேல் விழுகிறது. மங்கிய சாம்பலில் தீட்டினால்தான் அது குழிக்குள் உட்காரும். டியூபிலிருந்து எடுத்த வெள்ளையை விழியில் ஒளிப்புள்ளி வைக்கும்போது மட்டும், கடைசியாக, ஒரே தொடுதலில் வையுங்கள்.

விளிம்புகளும் நிறத்தைப் போலவே பேசும். எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் முகம் கத்தரித்து ஒட்டியதாக ஆகிவிடும். முடி நெற்றியோடு சேரும் இடம், நிழல் பக்கத்துக் கன்னம் பின்னணியோடு சேரும் இடம் போன்றவற்றை உலர்ந்த பிரஷால் லேசாக இழுத்துக் கரைத்துவிடுங்கள். மூக்கின் நிழல், கண்ணிமையின் கோடு போன்ற ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் கூர்மை இருக்கட்டும். பார்ப்பவரின் கண் அங்கேதான் போய் நிற்கும். அவ்வப்போது படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அங்கே உடனே தெரியும்.

காய்வது, பாதுகாப்பது

ஆயில் பெயின்டில் நிறமியோடு கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. மெல்லிய அடுக்கு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். உள்ளே இறுகுவது மாதக்கணக்கில் நடக்கும். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாகக் காயும், நெகிழ்ந்தும் இருக்கும். அதை அடியில் போட்டு, சீக்கிரம் இறுகும் மெல்லிய அடுக்கை மேலே போட்டால், அடி அசையும்போது மேல் வெடிக்கும். அதனால் முதல் அடுக்குகளில் டர்பன்டைன் கலந்து மெலிதாகவும், மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டியும் வேலை செய்ய வேண்டும். முகத்தை ஒரே நாளில், ஈரத்தின் மேல் ஈரமாக முடித்துவிட்டால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். பெயின்ட் கனமாக இருந்தால் ஒரு வருடம்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, துணி தானாகவே தீப்பிடிக்கும். இது உண்மையிலேயே நடக்கிற விபத்து. துணியை வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். டர்பன்டைனைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒரு பாட்டிலில் விட்டு வைத்தால் நிறமி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். காட்மியம் பெயின்ட் காய்ந்த பிறகு அதை உப்புக்காகிதம் வைத்துத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூளைச் சுவாசிப்பது கெடுதல்.

ஐந்தாவது டியூப்

நான்கில் வராதவையும் உண்டு. மயில் நீலப் புடவை, மரகதப் பச்சைத் தோடு, ரோஜாவின் குளிர்ந்த இளஞ்சிவப்பு இவற்றை இந்தப் பேலட் கொடுக்காது. காட்மியம் ரெட்டில் வெள்ளை சேர்த்தால் வருவது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த இளஞ்சிவப்புதான். நீலச் சட்டை போட்டவரைத் தீட்டும்போது முதலில் நம் சாம்பலை வைத்தே முயன்று பாருங்கள். சுற்றிலும் வெதுவெதுப்பான நிறங்கள் இருந்தால் பல சமயம் அதுவே நீலமாக ஏமாற்றிவிடும். உண்மையாகவே போதாது என்று தெரிந்தால் அல்ட்ராமரைன் ப்ளூ ஒன்றைச் சேருங்கள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் குளிர்ந்த சிவப்பு வேண்டும் என்றால் பெர்மனன்ட் அலிசரின். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். ஒன்றைச் சேர்த்ததும் கட்டம் போட்ட அட்டையில் அதற்கும் பழைய நான்குக்கும் புது வரிசைகள் போட்டுப் பாருங்கள். படம் தீட்டும்போது அந்தப் புது டியூபை நான்கிலிருந்து தள்ளி, பேலட்டின் ஓரத்தில் பிதுக்கிவிடுங்கள். துணிக்கும் நகைக்கும் அது வேண்டியிருக்கும். தோல் கலவைக்குள் எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.